இளஞ்சிவப்பாகிப்போன ஜேசன் பிரிண்ட்: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

எலும்புக்கூடு63 எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாக ஓரமாக நின்று வாசித்துக்கொண்டிருந்தவன், இதுதான் முதல் பதிவு.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் தன் சேகரிப்பைக் கலைக்கிறார். அதில் 'ஜேசன் அண்ட் தி ஆர்கனாட்ஸ்' (1963) 16 மி.மீ. பிரிண்ட் (புரொஜெக்டரில் ஓட்டும் படச்சுருள்) ஒன்று இருக்கிறது. முழுப்படம், மூன்று ரீல். ரே ஹாரிஹவுசனின் எலும்புக்கூடு சண்டையைச் சின்ன வயதில் பார்த்துத்தான் எனக்கு ஸ்டாப் மோஷன் (பொம்மையை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் படம்பிடிப்பது) பித்துப் பிடித்தது, பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். அதனால் கை பரபரக்கிறது.

சிக்கல் என்னவென்றால், படம் முழுக்க இளஞ்சிவப்பாகிவிட்டது. வானம், கடல், ஜேசன் முகம், எல்லாம் ஒரே ரோஸ். மூன்றாவது ரீல் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை குப்பென்று அடிக்கிறது. இரண்டாவது ரீலின் தொடக்கத்தில் ஒட்டுகள் நிறைய.

என்னிடம் ஒரு பழைய புரொஜெக்டர் இருக்கிறது. இதுவரை குறும்படங்கள் மட்டுமே ஓட்டியிருக்கிறேன். இந்தப் பிரிண்டை வாங்கலாமா? நிறத்தை மீட்க முடியுமா? வாடை போகுமா?

---

பழைய_ஆபரேட்டர் எழுதியது:

தம்பி, முதல் விஷயம்: புரொஜெக்டரில் மாட்டாதே. மாட்டிவிட்டுத்தான் இங்கே எழுதுகிறாய் என்றால் இனிமேலாவது மாட்டாதே.

ரீவைண்ட் மேசையில் வைத்துக் கையால் மெதுவாகச் சுற்று. இரண்டு விரலுக்கு நடுவில் சுருளின் இரு ஓரங்களையும் லேசாகப் பிடித்துக்கொள். கிழிந்த துளை, பிரியப்போகும் ஒட்டு, ஓரத்தில் வெட்டு, எல்லாம் கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும். சுருள் தட்டையாக இல்லாமல் அப்பளம் மாதிரி நெளிந்திருக்கிறதா என்றும் பார்.

அடுத்து சுருக்கம். 16 மி.மீ.யில் 100 ஃபிரேம் நீளம் 762 மி.மீ. இருக்க வேண்டும். தட்டையாக விரித்து அளவுகோலை வை. 754 என்று வந்தால் ஒரு சதவீதம் சுருங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் போனால் புரொஜெக்டரின் நகம் துளையில் சரியாக விழாது, தானே புதுத் துளை போட்டுக்கொள்ளும்.

மூன்றாவது, மொத்த நீளத்தை அள. படம் 104 நிமிடம். ஒலியோடு ஓடும் 16 மி.மீ. நிமிடத்துக்கு 36 அடி. ஆக 3,740 அடிக்குக் கொஞ்சம் மேலே வர வேண்டும். 3,500தான் வருகிறது என்றால் ஆறே முக்கால் நிமிடத்தை எவனோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். எந்த ஆறே முக்கால் நிமிடம் என்பதுதான் கேள்வி. இந்த மாதிரிப் படத்தில் கத்தரிக்கோல் வைக்கிறவன் அரசர்கள் உட்கார்ந்து பேசும் காட்சியையா வெட்டுவான்?

---

தேன்மொழி எழுதியது:

ஆபரேட்டர் ஐயா சொன்னதோடு வேதியியல் பக்கத்தையும் சேர்த்துவிடுகிறேன். படச்சுருள் பாதுகாப்புதான் என் வேலை.

அந்த வாடை வெளியிலிருந்து ஒட்டியதல்ல. சுருளின் அடித்தளம் செல்லுலோஸ் அசிடேட். ஈரமும் வெப்பமும் பட்டால் அது சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். வெளிவந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும். ஆகவே "வாடை போகுமா" என்ற கேள்விக்குப் பதில்: வாடையைக் குறைக்கலாம், நோயைத் திருப்ப முடியாது. குளிரிலும் உலர்விலும் வைத்தால் வேகம் மட்டுப்படும், அவ்வளவுதான். 21 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதத்தில் ஒரு புதிய அசிடேட் சுருளில் வாடை தொடங்க ஏறக்குறைய 40 ஆண்டு ஆகும் என்பது ராசெஸ்டரில் உள்ள இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிடியூட்டின் கணக்கு. உங்கள் சுருளின் வயதைக் கூட்டிப் பாருங்கள்.

மூக்கை மட்டும் நம்ப வேண்டாம். ஏ-டி ஸ்ட்ரிப் என்று நீலநிறத் தாள் கிடைக்கும். டப்பாவுக்குள் போட்டு மூடி, குறைந்தது ஒரு நாள் விட்டு எடுங்கள். நீலமாகவே இருந்தால் நலம். பச்சைக்கு வந்தால் எச்சரிக்கை. மஞ்சளாகிவிட்டால் ஸ்கேன் எடுப்பதைத் தவிர வேறு யோசனை வேண்டாம். அளவு 0 முதல் 3 வரை. 1.5ஐத் தாண்டினால் அமிலமே அமிலத்தை இழுத்துக்கொண்டு ஓடும் கட்டம்.

ரொம்ப முக்கியம்: மூன்றாவது ரீலை மற்ற சுருள்களோடு ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். அமில ஆவி பக்கத்துச் சுருளையும் தூண்டிவிடும்.

பிறகு, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பருத்திக் கையுறை.

---

பழைய_ஆபரேட்டர் எழுதியது:

கையுறை போட்டால் கிழிந்த துளை விரலுக்குத் தெரியாது அம்மா. நூல் வேறு மாட்டும். சுத்தமான கை, ஓரத்தை மட்டும் தொடணும். நாற்பது வருஷமா இதைத்தான் செய்றேன்.

---

தேன்மொழி எழுதியது:

அந்த நாற்பது வருஷத்து விரல் ரேகைகளை நாங்கள்தான் ஐயா இப்போது துடைத்துக்கொண்டிருக்கிறோம் :)

---

பிக்சல்ராஜா எழுதியது:

கோபப்படாமல் கேளுங்கள். நிறம் போச்சு, நாறுது, நடுவில் வெட்டு, ஓட்டவும் முடியாது. இதை எதற்கு வாங்க வேண்டும்? ப்ளூ-ரே இருக்கிறது. மூல நெகட்டிவுக்குப் பக்கத்திலிருந்து எடுத்த ஸ்கேன் எந்த 16 மி.மீ. பிரிண்டையும்விடத் தெளிவாகத்தான் இருக்கும். திரையரங்கின் 35 மி.மீ.யைச் சுருக்கி 16 ஆக்கும்போதே பாதி விவரம் போய்விடுகிறது. "பிரிண்டில்தான் உயிர் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் நான் கிளம்புகிறேன்.

---

எலும்புக்கூடு63 எழுதியது:

பிக்சல்ராஜா, தெளிவு விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை. டிஸ்க் என்னிடமும் இருக்கிறது. படம் பார்க்க வேண்டும் என்றால் அதைத்தான் போடுவேன்.

எனக்குப் பிரிண்ட் வேண்டியது அதைக் கையில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பதற்கு. சாதாரண நடிகர் காட்சியில் ஒரு ஃபிரேமை எடுத்துப் பாருங்கள். ஓடுகிறவன் கால் கலங்கியிருக்கும், வீசுகிற வாள் ஒரு பட்டையாக இழுத்திருக்கும். கேமரா கதவு திறந்திருந்த நேரத்தில் அவன் நகர்ந்துவிட்டான். பொம்மை நகராது. மனுஷன் கையை எடுத்து, தள்ளி நின்று, ஒரு ஃபிரேம் எடுத்து, மறுபடி போய் நகர்த்துகிறான். அதனால் ஒரே ஃபிரேமில் ஜேசனின் வாள் கலங்கியும் எலும்புக்கூட்டின் வாள் கத்தரித்த மாதிரி கூர்மையாகவும் இருக்கும். ஓடும்போது "ஏதோ வெட்டி வெட்டி அசைகிறதே" என்று நமக்குத் தோன்றுவது இதனால்தான்.

டிஸ்க்கிலும் நிறுத்திப் பார்க்கலாம்தான். ஆனால் கையில் வரிசையாக நாற்பது சின்னப் படங்களைப் பிடித்திருப்பது வேறு மாதிரி இருக்கிறது, எனக்கு அதற்குமேல் வாதம் இல்லை.

---

சுருள்முடி எழுதியது:

நல்ல இழை. இதில் ஒரு கணக்கு எனக்குப் பிடிக்கும். அந்தச் சண்டையில் ஏழு எலும்புக்கூடு, மூன்று மனிதர். எடுக்க நாலரை மாதம் ஆனது. ஒரு நாள் முழுக்க உழைத்து 13 ஃபிரேம் மட்டுமே தேறிய நாட்கள் உண்டு. திரையில் அது அரை நொடியும் சொச்சமும்.

இப்போது அதை நீளமாக மாற்றுங்கள். 35 மி.மீ. பிரிண்டில் ஒரு ஃபிரேமின் உயரம் 19 மி.மீ. அப்படியானால் 13 ஃபிரேம் ஏறக்குறைய 25 செ.மீ., ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே. உங்கள் 16 மி.மீ.யில் அது 10 செ.மீ. வீட்டில் ஓட்டும் சின்னச் சுருளான சூப்பர் 8-ல் ஐந்தரை செ.மீ., ஆள்காட்டி விரல் நீளம்கூட இல்லை. ஒரு மனிதனின் ஒரு நாள் அவ்வளவுதான்.

இந்தப் படங்களில் பிரிண்டை வைத்துப் பார்க்க இன்னொன்றும் இருக்கிறது. ஹாரிஹவுசனின் முறையில் நடிகர்களை முதலில் எடுத்துவிடுவார்கள். பிறகு அந்தப் படத்தைப் பின்னாலிருந்து ஒரு சின்னத் திரையில் ஃபிரேம் ஃபிரேமாகப் போட்டு, அதன் முன்னால் பொம்மையை வைத்து மறுபடி படம்பிடிப்பார்கள். முன்பக்கத் தரையைக் கறுப்புப் பூசிய கண்ணாடியால் மறைத்து, பிறகு கேமராவில் சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, அந்தப் பகுதியை மட்டும் தனியாகச் சேர்ப்பார்கள். பொம்மை இரண்டு அடுக்குக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். டைனமேஷன் என்று பெயர் வைத்தது இதற்குத்தான். அதாவது பூதம் வரும் காட்சிகளில் நடிகர் இரண்டாம் தலைமுறை நகல், பொம்மை முதல் தலைமுறை. சுருளில் ஓட்டிப் பாருங்கள்: பூதம் வருவதற்கு ஒரு வெட்டு முன்னாலேயே பின்னணியில் மணல் தூவியது போல் சொரசொரப்பு ஏறி, நிறமும் லேசாக மாறும். சின்ன வயதில் நான் அதைப் பார்த்துத்தான் "இப்போ வரும் பாரு" என்று சொல்வேன். தப்பியதே இல்லை.

---

பிக்சல்ராஜா எழுதியது:

சரி, அந்தச் சொரசொரப்பை டிவிடி காலத்தில் வழித்துத் தள்ளிவிட்டார்கள், அதை ஒத்துக்கொள்கிறேன். நல்ல ஸ்கேனில் அது இருக்கும் என்பதையும் நீங்கள் ஒத்துக்கொள்ளுங்கள்.

---

சுருள்முடி எழுதியது:

ஒத்துக்கொண்டேன். நிறத்துக்கு வருகிறேன்.

ஜேசன் வெளிவந்தது ஈஸ்ட்மன்கலரில். அக்காலத்து ஈஸ்ட்மன் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் போகும், மஞ்சள் பின்னால் போகும், மெஜந்தா மட்டும் நின்று சிரிக்கும். அதுதான் உங்கள் ரோஸ். நிறம் நீடிக்கும் பிரிண்ட் சுருளைக் கோடாக் 1980-களின் தொடக்கத்தில்தான் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஈஸ்ட்மன் பிரிண்ட் எதுவானாலும் ரோஸ் என்று நினைத்துக்கொண்டே டப்பாவைத் திறக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறு 'தி செவன்த் வாயேஜ் ஆஃப் சிந்துபாத்' (1958). அது டெக்னிகலர். சாயத்தை அச்சு எந்திரம் மாதிரி ஒவ்வொரு நிறமாகச் சுருளில் ஏற்றும் முறை, சேகரிப்பவர்கள் ஐபி என்பார்கள். அந்தச் சாயம் வெளுக்காது. ஐபி பிரிண்ட் கிடைத்தால் ஒற்றைக்கண் ராட்சசன் சைக்ளோப்ஸ் இன்றைக்கும் 1958-ல் இருந்த நிறத்தில்தான் நிற்கும். அடையாளம் கண்டுபிடிக்க ஒலித்தடத்தைப் பாருங்கள். ஐபியில் அது சாம்பல் கலந்த வெறும் கறுப்பு. ஈஸ்ட்மனில் சாயம் கலந்திருக்கும். அமெரிக்காவில் 1970-களின் நடுவிலும் லண்டனில் 1978-லும் அந்த எந்திரங்களை நிறுத்திவிட்டார்கள்.

விற்பவர் "டெக்னிகலர்" என்று சொன்னால் மயங்க வேண்டாம். டைட்டிலில் டெக்னிகலர் என்று போட்டிருப்பது படத்தைப் பற்றிய செய்தி. உங்கள் கையில் இருப்பது பின்னால் வேறு லேபில் அடித்த ஈஸ்ட்மன் பிரிண்டாக இருக்கலாம். தொலைக்காட்சிக்குப் போன 16 மி.மீ.யில் வண்ணப்படங்களைக் கறுப்பு வெள்ளையாகவே அடித்துக் கொடுத்த காலமும் உண்டு.

---

களிமண் எழுதியது:

'ஒன் மில்லியன் இயர்ஸ் பி.சி.' (1966) இதற்கு நல்ல உதாரணம். பிரிட்டனில் டெக்னிகலர் பிரிண்ட், அமெரிக்காவில் டீலக்ஸ், அதுவும் ஈஸ்ட்மன் வகைதான். ஒரே படம், ஒன்று அப்படியே நிற்கிறது, இன்னொன்று சிவந்துபோகிறது. போதாததற்கு அமெரிக்கப் பதிப்பில் ஏறக்குறைய ஒன்பது நிமிடம் வெட்டு. அடி அளக்கும்போது எந்த நாட்டுப் பிரிண்ட் என்று தெரியாமல் "ஐயோ யாரோ வெட்டிட்டாங்க" என்று நான் ஒருமுறை விற்றவரோடு சண்டைக்கே போய்விட்டேன். அசடு வழிந்ததுதான் மிச்சம்.

'ஃபர்ஸ்ட் மென் இன் தி மூன்' (1964) தேடுகிறவர்களுக்கு ஒரு தகவல். ஹாரிஹவுசன் படங்களில் அது ஒன்றுதான் அகலத்திரை பானாவிஷன். படத்தைப் பக்கவாட்டில் விரிக்கும் அனமார்பிக் லென்ஸ் இல்லாமல் ஓட்டினால் எல்லோரும் தென்னை மரம் மாதிரி ஒல்லியாக நிற்பார்கள். தொலைக்காட்சிப் பிரிண்ட் என்றால் லென்ஸ் வேண்டாம், ஆனால் இரண்டு பக்கமும் படத்தைக் காவு கொடுத்திருப்பார்கள்.

'ஜாக் தி ஜயன்ட் கில்லர்' (1962) வாங்கும்போது டைட்டிலோடு நிற்காமல் கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள். சிந்துபாத் படத்தைப் போலவே இருக்கிறது என்று அதை வெளியிட்ட கொலம்பியா நிறுவனம் பிரச்சினை கிளப்பியதால், பின்னால் அதில் பாட்டுகளை ஏற்றி இசைப்படமாக மாற்றி விட்டார்கள். ராட்சசன் வாய் அசைத்துப் பாடினால் நீங்கள் தேடியது அதுவல்ல.

---

பிக்சல்ராஜா எழுதியது:

இதில் எதுவும் அந்த நாறும் மூன்றாவது ரீலை வாங்கச் சொல்லவில்லையே.

---

தேன்மொழி எழுதியது:

வாங்கச் சொல்கிற காரணம் ஒன்று இருக்கிறது. அது ஜேசனைவிடப் பழைய படங்களிலிருந்து வருகிறது.

ஸ்டாப் மோஷன் முன்னோடி வில்லிஸ் ஓ'பிரையனின் 'தி லாஸ்ட் வேர்ல்ட்' (1925). ஒலிப்படம் வந்ததும் பிரிண்டுகளைத் திரும்பப் பெற்று அழித்தார்கள். பல பத்தாண்டுகள் அந்தப் படம் உலகத்தில் இருந்தது எப்படி என்றால், வீடுகளுக்கு வாடகைக்கு விட கோடாக்கின் கோடாஸ்கோப் பிரிவு 16 மி.மீ.யில் ஏறக்குறைய பாதியாகச் சுருக்கிப் போட்டிருந்தது, அந்தச் சுருக்கப் பிரிண்டுகளாக மட்டும்தான். வீட்டுப் பொழுதுபோக்குக்கு அடித்த சின்னச் சுருள், அன்றைக்கு யாரும் அதைச் சேகரிப்பு என்றுகூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். பிறகு பிராகில் உள்ள ஆவணக் காப்பகத்தில் வேறு பிரிண்ட் அகப்பட்டது. 1990-களில் அதையும் சேர்த்துத்தான் படத்தை மறுபடி நீளமாக்கினார்கள்.

'கிங் காங்' (1933) கதை இன்னும் நெருக்கம். 1938 மறுவெளியீட்டுக்குத் தணிக்கையில் சில காட்சிகளை வெட்டினார்கள். காங் மனிதர்களைக் கடிப்பது, நாயகி ஆனின் உடையைப் பிய்ப்பது முதலானவை. அப்புறம் முப்பது வருஷம் எல்லோரும் பார்த்தது வெட்டுப்பட்ட காங்தான். 1969-ல் பிலடெல்பியாவில் ஒரு 16 மி.மீ. பிரிண்ட் கிடைத்தது, அதில் அந்தக் காட்சிகள் இருந்தன. மறு வருஷமே முழுப்படமாகத் திரைக்கு வந்தது. அந்தச் சுருளைப் பார்த்து யாராவது "கீறல் விழுந்தது, 16தானே" என்று தூக்கிப் போட்டிருந்தால்?

ஜேசனுக்கு அந்த நிலை இல்லை, படம் பத்திரமாகவே இருக்கிறது. அதனால் எலும்புக்கூடு, கடமை என்று நினைத்து வாங்க வேண்டாம். ஆசை இருந்தால் வாங்குங்கள். பிறகு நிறத்தைப் பற்றி: சுருளில் போன சாயம் திரும்பி வராது. லென்ஸுக்கு முன்னால் நீலப்பச்சை வடிகட்டி வைத்தால் ரோஸ் கொஞ்சம் அடங்கும், வெளிச்சமும் அடங்கும். ஸ்கேன் செய்தால் மிச்சமிருக்கும் சாயத்தை வைத்து ஓரளவு தூக்கலாம்.

---

களிமண் எழுதியது:

எளிதில் தீப்பற்றும் பழைய நைட்ரேட் சுருளைப் பற்றி யாராவது கேட்பதற்கு முன்: 16 மி.மீ. 1923-ல் வந்ததிலிருந்தே பாதுகாப்புச் சுருள்தான், பயப்பட வேண்டாம். 1950-களின் தொடக்கத்துக்கு முந்தைய 35 மி.மீ. யாராவது கொடுத்தால்தான் யோசிக்க வேண்டும். நைட்ரேட் பற்றினால் தண்ணீருக்குள்ளும் எரியும். கோடாக் சுருளின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று ஆண்டுக்குறி இருக்கும், ஆனால் அது இருபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். 1938-க்கும் 1958-க்கும் ஒரே குறி. அதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

---

சுருள்முடி எழுதியது:

முழுப்படம் வேண்டாம் என்றால் சூப்பர் 8 சுருக்கங்களும் இருக்கின்றன. கொலம்பியாவே ஹாரிஹவுசன் படங்களிலிருந்து 200 அடிச் சுருள்களாக வீட்டுக்கு விற்றது. 24 ஃபிரேம் வேகத்தில் பத்து நிமிடம். கதையைத் தூக்கி எறிந்துவிட்டுப் பூதத்தை மட்டும் வைத்திருப்பார்கள். எட்டு வயதுப் பையன் எடிட் செய்தது மாதிரி இருக்கும், ரொம்ப நியாயமான எடிட்டிங்.

இன்னொரு வசதி, அவை வீட்டுக்கென்றே விற்கப்பட்டவை. திரையரங்குப் பிரிண்டுகள் பெரும்பாலும் வாடகைக்குப் போனவை, விற்கப்பட்டவை அல்ல. அமெரிக்காவில் 1974-ல் நடிகர் ராடி மெக்டவல் வீட்டுச் சேகரிப்பையே எஃப்.பி.ஐ. அள்ளிக்கொண்டு போனது. வழக்கு போடவில்லை, ஆனாலும் அதற்கப்புறம் சேகரிப்பவர்கள் பல வருஷம் வாயைத் திறக்கவில்லை. இப்போது அந்தக் கெடுபிடி இல்லை. சுருள் உங்களுடையதானாலும் படத்தின் உரிமை உங்களுடையதல்ல, ஊரைக் கூட்டி ஓட்டாதீர்கள், போதும்.

---

எலும்புக்கூடு63 எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். வாங்கிவிட்டேன்.

ஐயா சொன்னபடி எல்லாம் செய்தேன். மொத்தம் 3,695 அடி. குறைவது ஏறக்குறைய 50 அடி, ஒன்றேகால் நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. டிஸ்க்கை ஓடவிட்டு ஒப்பிட்டேன். பெரும்பாலும் ரீல் தொடக்கமும் முடிவும் தேய்ந்து போனது. இரண்டாவது ரீலில் பறக்கும் பூதங்களான ஹார்ப்பிகளை வலையில் பிடிக்கும் இடத்தில் சில நொடி இல்லை, அது மட்டும் வலித்தது. மூன்றாவது ரீலில் பல தலைப் பாம்பான ஹைட்ராவும் எலும்புக்கூடு சண்டையும் ஒரு ஃபிரேம் குறையாமல் இருக்கின்றன. வெட்டுகிறவன் அங்கே போய்ச் சேருவதற்குள் களைத்துவிட்டான் போல.

மூன்றாவது ரீலின் 100 ஃபிரேம் 757 மி.மீ. ஸ்ட்ரிப் பச்சைக்கு வந்துவிட்டது, ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில். மற்ற இரண்டும் இன்னும் நீலம். தனி டப்பா, தனி அறை, ஸ்கேனுக்குச் சொல்லியாகிவிட்டது. புரொஜெக்டர் பக்கமே கொண்டுபோகவில்லை.

---

பழைய_ஆபரேட்டர் எழுதியது:

757 என்றால் முக்கால் சதவீதத்துக்கும் கீழேதான். என்னைக் கேட்டால் ஒரே ஒரு முறை, நல்லா எண்ணெய் போட்ட மெஷினில், லூப்பைப் பெரிதாக விட்டு ஓட்டிப் பார்க்கலாம். தேன்மொழி திட்டுவாள், ஆனாலும் சொல்றேன்.

---

தேன்மொழி எழுதியது:

திட்டுகிறேன். ஸ்கேன் முடியட்டும், பிறகு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

---

பிக்சல்ராஜா எழுதியது:

ஸ்கேன் வந்ததும் சண்டைக் காட்சியில் இரண்டு ஃபிரேம் போடுங்கள். ஜேசன் வாளும் எலும்புக்கூடு வாளும் சேர்ந்து வருகிற மாதிரி. சும்மா கேட்கிறேன்.

---

எலும்புக்கூடு63 எழுதியது:

போடுகிறேன் ராஜா. உங்களுக்காகவே எண்ணிக் குறித்து வைத்திருக்கிறேன்.

நேற்று ராத்திரி விளக்கு மேசையில் சண்டைக் காட்சியை மட்டும் விரித்தேன். பத்து செ.மீ. அளந்து, 13 ஃபிரேம். எல்லாமே ரோஸ் நிறம்தான். நடுவில் இருக்கிற எலும்புக்கூடு கேடயத்தைத் தூக்குகிறது, முதல் ஃபிரேமில் இடுப்புக்குக் கீழே, பதின்மூன்றாவதில் மார்புக்குக் கொஞ்சம் மேலே. பின்னால் நிற்கிற ஒன்று அந்த நேரத்தில் தலையை மட்டும் லேசாகத் திருப்புகிறது. படம் ஓடும்போது அதை ஒருத்தரும் பார்த்திருக்க முடியாது. அதையும் ஒவ்வொரு தடவையும் போய்த் திருப்பிவிட்டு வந்திருக்கிறார்.

---

தேன்மொழி எழுதியது:

கையுறை போட்டிருந்தீர்களா?

---

எலும்புக்கூடு63 எழுதியது:

ஒரு கையில் மட்டும்.